மடிக்கணினியும் அதனைப் பேணும் முறையும்

ஒரு கருவியைப் பெறுதல் எளிது; அதனை ஆளக் கற்றல் அரிது; ஆண்டு, நெடுநாள் கெடாது பேணுதல் அதனினும் அரிது. இவ்வுண்மையை உழவர் தம் ஏரினிடத்தும், தச்சர் தம் உளியினிடத்தும், கடல்மேற் செல்வோர் தம் கட்டுமரத்தினிடத்தும் நன்கு அறிந்திருக்கின்றனர். நம் மாணாக்கர் கையில் இன்று விளங்கும் மடிக்கணினியைப் பற்றி அவ்வாறு கூறுதற்கு இயலவில்லை. அதனைக் கொடுத்தோர் உளர், பெற்றோர் பலர், பேணும் முறையைக் கற்பித்தோர் மிகச் சிலரே. இக்குறையைக் குறித்தும், அதனைப் போக்கும் வழியைக் குறித்தும் ஈண்டுச் சில கூற விரும்புகின்றோம்.

தமிழ்நாட்டு அரசினர் 2011 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 15 ஆம் நாள், மாணாக்கர்க்கு விலையின்றி மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கினர். அரசினர் பள்ளிகளிலும் அரசின் உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்புக்களிற் பயில்வோர்க்கும், அத்தகைய கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் பயில்வோர்க்கும், எல்காட் எனப்படும் அரசு நிறுவனத்தின் வாயிலாக இவை கொள்முதல் செய்து அளிக்கப்பெற்றன. சில ஆண்டுகளில் இலட்சக்கணக்கான குடும்பங்கள், முன்னெப்போதும் கண்டிராத ஒரு யந்திரத்தைத் தம் வீட்டிற் கண்டன. பின்னர்ச் சின்னாள் தடைப்பட்டு நின்ற இவ்வேற்பாடு, 2025 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வெளியான வரவு செலவுத் திட்டத்தில், 20 இலட்சம் கல்லூரி மாணாக்கர்க்கு இரண்டாண்டுகளிற் கணினி அளிக்கப்பெறும் என்ற அறிவிப்பினால் மீண்டும் உயிர்பெற்றது. ஆகவே, பேணும் முறையைக் கற்பித்தற்கு இதுவே தக்க தருணம் என்க.

நிற்க. நம் கல்லூரிக்கு ராயபுரத்தினின்றும், காசிமேட்டினின்றும், திருவொற்றியூரினின்றும், எண்ணூரினின்றும் வரும் மாணாக்கர் பலர். அவர்தம் தந்தையருட் சிலர் துறைமுகத்திற் சுமை ஏற்றி இறக்குவோர், சிலர் மீன்பிடிப்போர், சிலர் தொழிற்சாலைகளில் ஒப்பந்தக் கூலிக்கு உழைப்போர். அவ்வீடுகள் பலவற்றில், விலையுயர்ந்த பொருள் யாதென்று வினவின், மகனோ மகளோ பெற்றுவந்த மடிக்கணினி என்பதே விடையாகும். அதனாலேயே அன்னையார் அதனைப் பழம் புடவையிற் சுற்றிப் பீரோவினுள் வைத்துப் பூட்டுகின்றனர். தேர்வுக் காலத்திலன்றி வெளியில் எடுப்பதில்லை. ஆக, யந்திரம் இருவகையாற் கெடுகின்றது: அலட்சியத்தாற் கெடுவது ஒருவகை, அச்சத்தாற் கெடுவது மற்றொருவகை. முன்னதை எல்லோரும் கண்டிப்பர். பின்னதை ஒருவரும் காண்பதில்லை. நாம் வற்புறுத்த வந்தது பின்னதையே.

நாம் நன்கு அறிந்த மாணாக்கர் ஒருவர். அவர் ஒரு மாலை தம் கணினியின் விசைப்பலகைமேல் அரைக் குவளை தேநீரைக் கவிழ்த்துவிட்டார். வீட்டில் எவரும் அறியாவண்ணம் மேற்புறத்தைத் துடைத்தார். மறுநாள் மொட்டை மாடியில் வெயிலில் வைத்தார். அன்றிரவே, உயிர் உள்ளதோ இல்லையோ என்று அறியும் ஆவலால் மின்விசையை அழுத்தினார். திரை ஒரு கணம் ஒளிர்ந்தது. பின்னர் என்றும் ஒளிரவில்லை. மூன்று வாரங்கள் அவர் இதனை ஒருவரிடமும் சொல்லவில்லை. ஒப்படைப்புக் கட்டுரை ஏன் வரவில்லை என்று நாம் வினவியபோதுதான், தலைகுனிந்து நின்று, “ஐயா, அபராதம் எவ்வளவு கட்ட வேண்டும்?” என்றார். தேநீர் பட்டவுடனே இணைப்பை நீக்கி நம்மிடம் கொண்டுவந்திருப்பின், அந்த யந்திரம் பிழைத்திருத்தல் கூடும். அதனைக் கொன்றது தேநீர் மட்டுமன்று. அறியாமையும் அச்சமும் அதற்குத் துணை நின்றன. அவ்வறியாமையும் அவ்வச்சமும் அவர் குற்றமல்ல. அவருக்குக் கற்பிக்கத் தவறிய நம் குற்றமேயாம்.

இனி, இவ்யந்திரம் எவ்வெவற்றாற் கெடுகின்றது என்பதனை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது, கடற்காற்று. கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு உளது. அலை மோதி உடையுங்கால் எழும் நுண்டுளிகள் காற்றிற் பரந்து, நீர் வற்றியபின் உப்புத் துகள்களாக மிதந்து, கரையோர வீடுகளுட் புகுந்து எல்லாப் பொருள்கள்மேலும் படிகின்றன. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்திற்கு மேற்படுமாயின், சாதாரண உப்பு அவ்வீரத்தைத் தன்பால் இழுத்துக் கரைந்து உவர்நீராகின்றது. மழைக்காலத்தில் அடுக்களை உப்புச் சாடியில் நீர் கோத்திருப்பதை யாவரும் கண்டிருப்பர். அதுவே கணினியின் உள்ளும் நிகழ்வது. நம் கரையோரத்தில் இரவு நேரங்களில் ஈரப்பதம் இவ்வளவைக் கடத்தல் இயல்பு. உவர்நீர் மின்சாரத்தைக் கடத்தும். செம்பினாலாகிய நுண்ணிய மின்வழிகளிற் களிம்பை ஏற்றும். நாளடைவில் அவ்வழி அறுந்து யந்திரம் பேச்சற்றுப் போகும்.

இதற்கு மாற்று யாது? இயங்கிக்கொண்டிருக்கும் கணினியின் உட்புறம் சூழ்ந்துள்ள காற்றைக் காட்டிலும் வெப்பமாக இருக்கும். ஆதலின் அங்கு ஈரம் எளிதிற் படிவதில்லை. பீரோவினுட் பல மாதம் குளிர்ந்து கிடக்கும் கணினிக்கு இப்பாதுகாப்பு இல்லை. நாள்தோறும் ஒரு மணி நேரமேனும் பயன்படுத்துதல் கற்போனுக்கு நன்மை, கருவிக்கும் நன்மை. ஆயினும் கடலை நோக்கிய சன்னலின் அருகில் வைத்து இயக்குதல் ஆகாது; உள்ளிருக்கும் விசிறி உப்புக் காற்றையே உள்ளிழுக்கும். வேலை முடிந்து யந்திரம் ஆறியபின் உறையிலிட்டு, புதுப் பொருள்களுடன் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்கள் இரண்டொன்றை உடன் வைத்தல் நலம். வாரம் ஒருமுறை, மின்னிணைப்பை நீக்கி முற்றும் அணைத்தபின், நல்ல தண்ணீரில் நனைத்து நன்கு பிழிந்த மெல்லிய துணியால் மேற்புறத்தைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். துளைகளில் ஈரம் புகலாகாது.

இரண்டாவது, தூசும் வெப்பமும். எண்ணூரில் 2001 ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய துறைமுகம், இன்று காமராசர் துறைமுகம் எனப்படுவது, அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்குதற்கென்றே முதலில் அமைக்கப்பெற்றது. நிலக்கரித் தூளும், அனல்மின் நிலையச் சாம்பலும், சரக்குப் பெட்டகங்களைச் சுமந்து ஓயாது செல்லும் பார வண்டிகள் எழுப்பும் புழுதியும் இப்பகுதியார் நன்கறிந்தவை. மடிக்கணினி, அடியிலும் பக்கங்களிலுமுள்ள பிளவுகளின் வழியே காற்றை உட்கொண்டு தன் வெப்பத்தை ஆற்றிக்கொள்கின்றது. அதனை மெத்தைமேலும் தலையணைமேலும் வைத்து இயக்கினால் அப்பிளவுகள் அடைபடும், பஞ்சுத் தூசும் சாம்பலும் விசிறியிற் சேர்ந்து கம்பளிபோற் படியும், யந்திரம் கொதிக்கும். பெயரில் ‘மடி’ என்றிருப்பினும், அதனை வைத்தற்குரிய இடம் மடியன்று, சமமான மரப்பலகையே. மேசையில்லா வீட்டில் உட்காரும் மணை ஒன்று போதும்.

மூன்றாவது, மின்கலம். இக்காலத்து மடிக்கணினிகளில் உள்ளது லித்தியம் அயனி மின்கலம். இதனை ஆக்கி உருப்படுத்திய அறிஞர் மூவர்க்கு 2019 ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபெல் பரிசு அளிக்கப்பெற்றது. இம்மின்கலத்திற்குப் பகை இரண்டு: மிகுந்த வெப்பமும், எல்லை கடந்த நிறைவும் வெறுமையுமாம். நூற்றுக்கு நூறு நிறைத்து எந்நாளும் மின்னிணைப்பிலேயே வைத்திருப்பின் விரைவில் மூப்படையும். முற்றும் வெறுமையாக்கிப் பல மாதம் பூட்டி வைப்பின், மீண்டும் மின்னேற்ற இயலாதவாறு இறந்துபோதலும் உண்டு. பீரோவிற் புடவை சுற்றிய கணினிகள் பலவற்றின் முடிவு இதுவே. நூற்றுக்கு 20 முதல் 80 வரை நிறைவு உள்ளவாறு வைத்துப் பயன்படுத்துதல் நன்று. நெடுநாள் எடுத்து வைக்க நேரின் பாதியளவு நிறைத்து வைத்து, மாதமொருமுறை எடுத்துப் பார்த்தல் வேண்டும். மின்கலம் உப்பி யந்திரத்தின் அடிப்புறம் மேடிட்டுத் தோன்றுமாயின், அன்றே பயன்படுத்துதலை நிறுத்தி, மின்னேற்றாது, பழுது பார்ப்பவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். அதனைக் குத்துதலும் அழுத்துதலும் தீவிபத்திற்கு இடமாகும்.

மின்னேற்றும் கருவியைப் பற்றியும் ஒரு சொல். அது வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட் அழுத்தத்தை ஏறத்தாழ 19 அல்லது 20 வோல்ட்டாகக் குறைத்துத் தருவது. ஒன்றன் கருவியை மற்றொன்றிற்கு மாற்றிப் பொருத்துமுன், இரண்டிலும் அச்சிட்டுள்ள எண்கள் ஒத்துள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். மூன்று முனைச் செருகியின் மூன்றாவது முனையை ஒடித்துவிட்டு இரு துளையிற் செருகும் வழக்கம் பல வீடுகளில் உளது. அம்மூன்றாவது முனையே மின்கசிவை நிலத்திற்குக் கடத்தி ஆளைக் காப்பது. கணினியின் உலோகப் பகுதியைத் தொடுங்கால் விரலிற் சுறுசுறுவென்று உணர்ச்சி தோன்றுமாயின் அதனை விளையாட்டாக எண்ணலாகாது. இடி மின்னற் காலத்தில் இணைப்பைக் கழற்றிவிடுதல் வேண்டும்.

நான்காவது, எடுத்துச் செல்லும் முறை. எண்ணூரினின்று மின்சார ரயிலில் நெரிசலிடையே வரும் மாணாக்கர் இதனைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். கணினியைத் திரையைப் பற்றித் தூக்கலாகாது. இரு கைகளாலும் அடிப்புறத்தைத் தாங்கியே எடுக்க வேண்டும். மூடியை ஓரத்தைப் பிடித்துத் திறவாது நடுவிற் பிடித்துத் திறக்க வேண்டும். இன்றேற் கீல் ஒருபுறம் முறுகித் திரை வெடிக்கும். மூடுமுன் விசைப்பலகைமேற் பேனாவோ பென்சிலோ கிடக்கின்றதா என்று நோக்குதல் இன்றியமையாதது. ஒரு பென்சில் முழுத் திரையையும் உடைக்க வல்லது. பையில் இடுமுன் முற்றும் அணைத்தல் வேண்டும்; மூடியை மட்டும் மூடி, இயங்கிய நிலையிலேயே பையிலிட்டால் உள்ளேயே வெந்துபோகும். முற்காலத்தில் வழங்கப்பெற்ற கணினிகளிற் சுழலும் நினைவுத் தட்டு இருந்தது. அதனைப் படிக்கும் முள், தட்டினின்று தலைமயிரின் தடிப்பிற் பல்லாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியில் மிதப்பது. இயங்குங்கால் அசைத்தால் தட்டிற் கீறல் விழும். அவற்றை இன்னும் பயன்படுத்துவோர் இதனை நினைவிற் கொள்க.

ஐந்தாவது, நீர். நீரோ தேநீரோ கவிழ்ந்தால் செய்யத்தக்கன இவை: உடனே மின்னிணைப்பைக் கழற்றுக, மின்விசையைத் திரை அணையும் வரை அழுத்திப் பிடித்திருக்க, மூடியை விரித்தவாறே கூரைபோற் கவிழ்த்து வைத்து நீரை வடிய விடுக, துணியால் ஒற்றுக, பின்னர், பிழைத்ததா என்று அறிதற்பொருட்டு ஒருமுறையேனும் இயக்காது, பழுது பார்ப்பவரிடம் கொண்டுசெல்க. வெயிலிற் காய்ச்சுதலும், அரிசிப் பானையிற் புதைத்தலும் பயன் தாரா. அரிசி உட்புறத்து நீரை இழுக்காது. தேநீரின் சர்க்கரையையும், கடல்நீரின் உப்பையும் எவ்வெயிலும் போக்காது. அவற்றைத் திறந்து கழுவித் துடைத்தலே முறை.

மழைக்காலத்திற்கு வேறு ஏற்பாடு வேண்டும். 2015 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலும், 2023 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் மிக்சாம் புயலின்போதும் சென்னைத் தெருக்களில் வெள்ளம் புகுந்ததை நாம் மறக்கவில்லை. பின்னைய வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய்ப் படலமும் பரவிற்று. ஐப்பசி பிறந்தவுடன், சான்றிதழ்களையும் குடும்ப அட்டையையும் கட்டிவைக்கும் பிளாஸ்டிக் பைக்கு அருகிலேயே கணினிக்கும் ஒரு பை ஆயத்தமாக இருத்தல் வேண்டும். வைக்கும் இடம் பரணாக இருத்தல் வேண்டும். அன்றியும், யந்திரம் போயின் வேறொன்று கிடைத்தல் கூடும். ஓராண்டு உழைத்து எழுதிய ஆய்வுக் கட்டுரை போயின் மீளாது. எழுதியவற்றை வாரந்தோறும் சிறு நினைவுக் கோலிலோ இணையச் சேமிப்பிலோ மற்றொரு படி எடுத்து, யந்திரத்தினின்று வேறிடத்தில் வைத்தல் மாணாக்கர்க்குரிய கடமைகளுள் ஒன்று.

இவையெல்லாம் சொல்லிவிட்டால் மட்டும் போதுமோ? போதா. நீந்தும் முறையைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுதல் போலாகும். கற்பிக்கும் முறையைப் பற்றி நம் அநுபவத்திற் கண்டன சில கூறுவோம். முதல் வகுப்பில், கெட்டுப்போன பழைய கணினி ஒன்றைத் திருகாணி கழற்றி மேசைமேல் திறந்து வைக்கின்றோம். விசிறியில் அடைந்த தூசையும், செம்பு வழியிற் பூத்த பசுங்களிம்பையும் மாணாக்கர் தம் கண்ணாற் காண்கின்றனர். அதன்பின் நீண்ட உபதேசத்திற்கு வேலையில்லை. இரண்டாம் வகுப்பில், நீர் கவிழ்ந்ததாகப் பாவித்து, இணைப்பைக் கழற்றுதல், விசையை அழுத்திப் பிடித்தல், கவிழ்த்தல் ஆகிய மூன்றையும் இருவர் இருவராகப் பலமுறை செய்விக்கின்றோம். ஆபத்து நேருங்கால் அறிவு தடுமாறும்; பழகிய கை தடுமாறாது. மூன்றாவதாக, மூத்த மாணாக்கர் ஒருவர் இளைய மாணாக்கர் ஐவர்க்குத் துணையாக நிற்கின்றார். ஆசிரியரிடம் சொல்ல நாணுவதை அவரிடம் நாணாது சொல்வர்.

இவையனைத்தினும் சிறந்தது ஒன்றுண்டு. பழுது நேர்ந்த அன்றே வந்து சொல்லும் மாணாக்கரைக் கடிந்துகொள்வதில்லை என்று ஆசிரியர் உறுதி கூறுதல் வேண்டும். கூறியவாறே நடத்தலும் வேண்டும். அபராதத்திற்கு அஞ்சும் பிள்ளை பழுதை மறைக்கும். மறைத்த பழுது வளரும். மேலும், பெற்றோர் கூட்டத்தில் அன்னையாரிடமும் இதனை விளக்குதல் வேண்டும். “அம்மா, இதனைப் பூட்டி வைத்தாலும் கெடும், தங்கள் மகள் நாள்தோறும் எடுத்துப் படிக்கட்டும்” என்று ஆசிரியர் சொல்லும் ஒரு வார்த்தை, பல பீரோக்களைத் திறக்கும். வீட்டில் இரு பிள்ளைகள் இருப்பின், தங்கை தொட்டாற் கெட்டுவிடும் என்ற வீண் அச்சமும் அதனால் நீங்கும்.

வெளிநாட்டார் அநுபவமும் இதற்குச் சான்றாகும். தென்னமெரிக்காவிலுள்ள பெரு நாட்டினர் தம் பள்ளிச் சிறுவர்க்கு இலட்சக்கணக்கான சிறு கணினிகளை வழங்கினர். 2012 ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்று, அந்நாட்டுக் கிராமப் பள்ளிகளில் அவற்றால் கணக்கிலும் மொழியிலும் தேர்ச்சி மிகவில்லை என்று கண்டது. அதே கண்டத்தின் உருகுவே நாட்டினர் 2007 ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்திலோ, கணினி வழங்குதலோடு நில்லாது, பழுது பார்த்தலுக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் உரிய ஏற்பாடுகளையும் உடன் செய்தனர். அத்திட்டம் இன்றும் நடைபெறுகின்றது. கருவியை மட்டும் வழங்கிக் கல்வி வளரும் என்று காத்திருத்தல், விதையைக் கொடுத்து நீரை மறுத்தல் போலாம்.

முடிவாக, நம் கரையோரத்தார்க்கு இப்பாடம் புதிதன்று என்பதையும் நினைவூட்டுவோம். கட்டுமரத்திற் கடலோடியோர், கரை சேர்ந்தவுடன் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே பிரித்து மணலில் உலர வைப்பர். நீர் ஊறிய மரம் கனத்துவிடும் என்பதை அறிவர். இக்காலத்துப் படகோட்டிகள், உப்பு தங்காதிருத்தற்பொருட்டு யந்திரத்தை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவர். அவர்கள் தம் கருவிக்கு அஞ்சி அதனைக் கரையிலேயே வைத்துப் பூட்டியதில்லை. அலட்சியமாகக் கடலில் விட்டதும் இல்லை. நாள்தோறும் எடுத்தனர், நாள்தோறும் பேணினர். அவர்தம் மக்களும் பேரன்மாரும் பேத்தியரும் இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். தந்தையர் மரத்தினிடத்துக் காட்டிய அறிவை மக்கள் மடிக்கணினியினிடத்துக் காட்டுதற்கு வேண்டுவது ஒன்றே: யாரேனும் ஒருவர் அருகமர்ந்து, அஞ்சாதே என்று சொல்லி, எடுத்துக் காட்டுதல். அப்பணியை இவ்வாண்டு நம் ஆசிரியரும் மூத்த மாணாக்கரும் மேற்கொள்வாராக. இதனைப் படிக்கும் பழைய மாணாக்கரும், தம் வீட்டில் ஒரு பீரோவினுள் உறங்கும் கணினி இருப்பின், இன்றே அதனை வெளியில் எடுத்து, மின்கலம் உப்பியிராமை கண்டு, அரை நாழிகை இயக்கிப் பார்ப்பாராக.